ஒரு நாளைக்கு ஆறடி

கூடாரப்பட்டில் மாசி மாதம் ஐந்தாம் தேதி காலை பத்தரை மணிக்கு, பட்டாளத்துவெளி என்று பேர் கொண்ட அறுவடை முடிந்த நெல்வயலில், ஓய்வுபெற்ற ஹவில்தார் எத்திராஜ் முழங்கை ஆழத்திலிருந்து எடுத்து, துடைத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்த அரநெல்லிக்காய் அளவு ஈயக்குண்டு, எவனோ ஒரு சிப்பாய் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எவனையோ பார்த்துச் சுட்டு, ஆளைப் போய்ச் சேராமல் சேற்றில் விழுந்துவிட்ட குண்டு, அவர் கையை விட்டு மெல்ல எழும்பி, நெஞ்சு உயரத்தில் ஒரு கணம் நின்று, ஊர்ப்பக்கமாகத் திரும்பி, அன்றைக்கு விட்ட பயணத்தைத் தொடர்ந்தது.

பக்கத்தில் களைக்கொத்தோடு குந்தியிருந்த அவர் மனைவி நவநீதம், “இன்னாங்க இது, தானா போவுது?” என்றாள்.

எத்திராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தை எழுதினார். “போவட்டும். இன்னா வேகத்துல போவுதுன்னு பாரு.”

பொழுது சாய்கிற வரை இரண்டு பேரும் அதோடு கூடவே நடந்தார்கள். நடந்தார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு, நின்றார்கள், ஏனென்றால் அதற்குள் அது இரண்டடிதான் போயிருந்தது. மறுநாள் பத்தரைக்கு எத்திராஜ் டேப் பிடித்து அளந்தார். சரியாக ஆறடி. அதற்கு மறுநாளும் ஆறடி. ஞாயிற்றுக்கிழமைக்கும் அமாவாசைக்கும் அது லீவு போடவில்லை. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் சப்பையாக இருந்த அந்தக் குண்டு, சப்பை முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, காது கொடுத்தால் மட்டும் கேட்கிற மாதிரி வண்டு போல முனகிக்கொண்டு, பராக்குப் பார்க்காமல் வந்தது.

எத்திராஜ் இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் சாப்பராக இருந்தவர். அதாவது பட்டாளம் நடப்பதற்கு முன்னால் போய், வழியில் கண்ணிவெடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சொல்கிறவர். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போன ஊர் அது. மகன் தணிகைவேலும் போனான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், எல்லையில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் நெஞ்சில் குண்டு பட்டு, கொடி போர்த்திய பெட்டியில் திரும்பி வந்தான். அன்றைக்கு எத்திராஜ் பித்தளைப் பட்டன் வைத்த தன் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு நேராக விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அழவில்லை. கையை இறக்கும்போதுதான் பார்த்தார், மேலிருந்து மூன்றாவது பட்டனைக் காணோம், அந்த இடத்தில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவர் வாயால் மகன் பேரை யாரும் கேட்டதில்லை. “பட்டன் இல்லாம நின்னுட்டேன் மே” என்பதை மட்டும், பல் விளக்கும்போதும் சோற்றில் கை வைக்கும்போதும் பஸ் ஏறும்போதும் நவநீதத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனுஷன் வீட்டுக்குள்ளேயே கிடந்து மக்கிப் போய்விடுவார் என்று பயந்துதான் பழைய கூட்டாளி ஒருவர் ஒரு மெட்டல் டிடெக்டரை அனுப்பி வைத்தார். அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் நடுவில் வயல் சும்மா கிடக்கிற மாதங்களில் புருஷனும் பெண்டாட்டியும் பட்டாளத்துவெளியில் இறங்கினார்கள். சாதாரணமாகப் புதையல் தேடுகிறவன் போல் எத்திராஜ் அலையவில்லை. வெள்ளை நாடாவால் மூன்றடி அகலத்துக்கு லேன் கட்டி, மிஷினை அரைவட்டமாக வீசி வீசி, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி ஏறும்படி நகர்ந்து, அது பீப் என்று கத்தினால் மண்டியிட்டு, மெல்லிய கம்பியைச் சாய்த்துச் செருகித் தடவி, கடைசியில்தான் நவநீதத்தின் களைக்கொத்தைக் கேட்பார். கிடைத்த கம்பெனிக் காசு, லாட ஆணி, துருப்பிடித்த வாள் பிடி, ஈயக்குண்டு எல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். நோட்டில் தேதி, லேன், ஆழம் மூன்றும் ஏறும். நோட்டில் ஏறாத பொருள் கிடைக்காத பொருள் என்பது அவர் சட்டம்.

போன வைகாசி மாதத்தில்தான் தொலைந்த பட்டனும் கிடைத்தது. டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது என்று சொல்லி நவநீதம் அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கோட்டில் தைத்துக் கொடுத்தாள். அப்படித்தான் சொன்னாள். அன்றைக்கு எத்திராஜ் இரண்டு வாய் சோறு அதிகம் சாப்பிட்டார். அதிலிருந்து வாரம் ஒருநாள் ஐந்து பட்டனையும் பாலிஷ் போட்டு, மூன்றாவதை மட்டும் இன்னொரு தரம் தேய்ப்பார்.

இனி குண்டு. அது ஊருக்குள் வந்த முதல் வாரம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் போகிற வழியில் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் குனிந்து போனார்கள். கொல்லர் சம்மட்டியால் அடித்துப் பார்த்தார், சம்மட்டியில்தான் பள்ளம் விழுந்தது. யாரோ குறுக்கே ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தார்கள், அது கல்லைத் துளைத்துக்கொண்டு இந்தப் பக்கம் மாவு பூசிய முகத்தோடு வெளியே வந்தது. பஞ்சாயத்திலிருந்து முன்னும் பின்னும் சிவப்புக்கொடி நட்டு, தினமும் காலையில் ஆறடி தள்ளி நடுவதற்கு ஒரு ஆளையும் போட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து காலையிலிருந்து மாலை வரை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, சம்பவம் இன்னும் முடியவில்லை, முடிந்தால் சொல்லி அனுப்புங்கள் என்று போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கணக்குப் போடச் சொன்னார். பந்தல் போட்ட வீட்டில் பந்தக்காலை ஒரு முழம் தள்ளி நட்டார்கள்.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் மட்டும் சண்டை ஓயவில்லை. குண்டு நம் ஆள் சுட்டதா, எதிரி சுட்டதா என்பதுதான் சண்டை. நம் ஆள் சுட்டதென்றால் மரியாதை செய்ய வேண்டும், எதிரி சுட்டதென்றால் மறிக்க வேண்டும். மூன்று கூட்டம் போட்டும் முடியாமல், சங்கத் தலைவர் சுபேதார் அருளப்பன் மேஜையைத் தட்டினார். “யோவ், வெளியில நடந்த அந்த இங்கிலீஷ் பிரெஞ்சுச் சண்டையில ரெண்டு பக்கத்துத் துரைங்களுக்கும் கூலிக்கு நின்னது நம்ம ஆளுங்கதான்யா. எவனைன்னு மறிப்ப?” என்றார். நாலாவது கூட்டம் போடவில்லை.

நவநீதம் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற தேவகியின் வீட்டுக்குள் அது பின்சுவர் வழியாக வந்து, அடுப்படியைக் கடந்து, நடுக்கூடத்தில் ஒருநாள் பூராவும் தங்கி, முன்சுவர் வழியாக வெளியே போனது. தேவகி டிவியைத் தள்ளி வைத்தாள், தலைவாசல் பக்கம் படுக்கையை மாற்றினாள், வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டாள். போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று சொன்னவளும் அவள்தான். சுவரில் விழுந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்காமல், கேபிள் வயரை அதன் வழியாக இழுத்துக்கொண்டாள்.

வாத்தியாரின் கணக்குப்படி, குண்டு போகிற திசையில் நூல் பிடித்தால் நூல் போய் முட்டுகிற இடம் எத்திராஜ் வீட்டு வாசல். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு அடி, அறுபத்தாறு நாள். சித்திரை பதினொன்று. வாசல்தானே, கதவைத் திறந்து வைத்தால் போய்விடும், கொல்லைப்பக்கம் புளியமரம் இருக்கிறது, அதன்பிறகு ஏரி என்றார்கள். நவநீதமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி பதினெட்டாம் தேதி எத்திராஜ் வழக்கம்போலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலூருக்கு மிலிட்டரி கேன்டீனுக்குப் போனார். பஸ் கிளம்பியதும் குண்டின் சப்பை முகம் பஸ் போன பக்கம் திரும்பியது. சாயங்காலம் அவர் சோப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு இறங்கியபோது, முகமும் அவரோடு சேர்ந்து திரும்பி மறுபடி வீட்டைப் பார்த்தது. கொடி நடுகிற ஆள் பார்த்தான், டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பஸ்ஸிலிருந்து இறங்கிய எத்திராஜும் பார்த்தார்.

ஊருக்குப் புரிந்துவிட்டது. குண்டு வாசலுக்கு வரவில்லை, ஆளுக்கு வருகிறது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது எத்திராஜின் முகத்தில் நவநீதம் இரண்டு வருஷமாகப் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது, அதைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள். “அவனுக்கு வந்த மாதிரியே நெஞ்சுக்கு நேரா வருது மே,” என்றார். “எனக்கு வர வேண்டியது வழிமாறி அவனுக்குப் போயிட்ச்சு. இது எனக்கு. எவனும் மறிக்கக் கூடாதுன்னு சங்கத்துல சொல்லிட்டேன்.”

மறுநாளிலிருந்து காலை குளித்து முடித்ததும் கோட்டும் தொப்பியும் பெல்ட்டும் மெடலுமாக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, குண்டைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். சாப்பாடு அங்கேதான். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. அருளப்பன் வந்து கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். கடைசியில், “சாப்பர் புத்தி, பிடிச்சா விடாது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஊரும் மெல்ல மெல்ல அதையும் ஏற்றுக்கொண்டது. அதுதான் நவநீதத்துக்குப் பொறுக்கவில்லை. எத்திராஜைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி வந்தார்கள். தேவகிகூட, சித்திரை பதினொன்றுக்கு எத்தனை பேர் வருவார்கள், எங்கள் வீட்டுப் பெரிய குண்டான் வேண்டுமா என்று கேட்டாள்.

“உன் குண்டானை நீயே வெச்சிக்கோ,” என்றாள் நவநீதம். “என் புள்ளையைத்தான் பெட்டியில கொண்ணாந்து குடுத்தாங்க. இவரையும் குடுத்துட்டு நான் உக்காந்துனு இருப்பேன்னு நினைச்சியா? அது யாருகிட்ட வருதுன்னு நான் பாக்குறேன்.”

யாரிடம் வருகிறது என்று வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அந்தக் கேள்வி அவளை விடவில்லை. முகம் திரும்பியதை ஊர் பார்த்தது கேன்டீனுக்குப் போன ஒருநாள்தான். ஆனால் மாசி முழுவதும், பங்குனி பாதி வரைக்கும், எத்திராஜ் தினமும் காலையில் லுங்கியும் பனியனுமாக வயலுக்குப் போய் லேன் கட்டிவிட்டுத்தான் வந்தார். அப்போதெல்லாம் அது வயலைத் திரும்பிப் பார்த்ததா? பார்த்திருந்தால் தேவகி வீட்டுச் சுவரில் ஓட்டை இப்படி நேராக விழுந்திருக்குமா? அவள் போய் அந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். பின்சுவர் ஓட்டையும் முன்சுவர் ஓட்டையும் ஒரே கோட்டில் இருந்தன, அந்தக் கோட்டின் முடிவில் தன் வீட்டு வாசல் தெரிந்தது. எத்திராஜ் லுங்கியோடு வயலுக்குப் போன நாளிலும் அது வீட்டையே பார்த்து வந்திருக்கிறது. அப்படியானால் ஆள் இல்லை. ஆள்மேல் இருக்கிற ஏதோ ஒன்று.

அவள் மிஷின் பிடித்துத் தேடக் கற்றவள். பெரிய நிலத்தைப் பாதியாக்கு, பாதியைப் பாதியாக்கு என்று வயலில் அவர் சொன்னதை அவர் மேலேயே செய்தாள். காலையில் அவர் கிணற்றடியில் குளிக்கிற இருபது நிமிஷம்தான் அவளுக்குக் கிடைத்த லேன். முதல்நாள் தொப்பியை முந்தானையில் சுருட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பிப் பார்த்தாள், குண்டு அசையவில்லை. அடுத்தநாள் பெல்ட், அசையவில்லை. மெடல், அசையவில்லை. நாலாம் நாள் கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சப்பை முகம், கூப்பிட்டதும் திரும்புகிற ஆடு மாதிரி, அவள் பக்கம் திரும்பியது.

அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், வயலில் கற்ற பழக்கத்தை விடாமல், அடுத்த நாள் முதல் பட்டனைக் கத்தரித்து எடுத்துப் போய்ப் பார்த்துத் திரும்பத் தைத்தாள், அதற்கடுத்த நாள் இரண்டாவதை. மூன்றாவதைக் கத்தரிக்கும்போது கத்தரிக்கோல் விரலில் பட்டு ரத்தம் வந்தது. குண்டு திரும்பியது.

அது டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் கிடந்த பட்டன் இல்லை. போன வைகாசி மாதம் நாலாவது லேனில், எத்திராஜ் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது மிஷின் கத்தி, அவளே தனியாகத் தோண்டி எடுத்த பட்டன். பித்தளை, அதே அளவு. நோட்டில் எழுதாமல் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, புளி போட்டு மேலே இருந்த கோடுகள் எல்லாம் போகிற வரை தேய்த்துத் தைத்தாள். மிச்சத்தை அவர் பாலிஷ் போட்டே அழித்தார். எவனோ ஒரு சிப்பாயின் நெஞ்சிலிருந்த பட்டன். அவனைத் தேடித்தான் குண்டு வந்துகொண்டிருக்கிறது.

பட்டனை ஏரியில் வீசிவிட்டு, அதே மாதிரி ஒன்று வாங்கித் தைத்துவிட்டால் குண்டு ஏரிக்குப் போய்விடும். ஒரு நாள் முழுக்க அவள் அதைத்தான் யோசித்தாள். வேலூரில் கிடைக்கும். ஆனால் இந்தக் குண்டு போனால் இந்த மனுஷன் இன்னொரு குண்டுக்கு நாற்காலி போடுவார் என்று அவளுக்குப் பட்டது. அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பது குண்டு இல்லை. தவிரவும் அந்தப் பொய்யை வாராவாரம் அவர் தேய்த்துப் பளபளப்பாக்குவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

சித்திரை ஒன்பதாம் தேதி, குண்டு நாற்காலிக்குப் பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தபோது, அவள் கத்தரிக்கோலோடு வந்து அவர் முன்னால் நின்றாள்.

“இது உங்க பட்டன் இல்லீங்க.”

எத்திராஜ் குண்டைப் பார்த்துக்கொண்டே, “எது?” என்றார்.

“மூணாவது. பட்டாளத்துவெளியில எடுத்தது. உங்களாண்ட பொய் சொல்லிட்டேன். நீங்க படற பாட்டைப் பாக்க முடியல, சொல்லிட்டேன். உங்க பட்டன் கிடைக்கவே இல்ல. அது போனது போனதுதான்.”

அவர் அவளைப் பார்த்தார். அடிக்க வருவார் என்றுகூட நினைத்தாள், கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் கை ஓங்காதவர். அவள் நூலைக் கத்தரித்துப் பட்டனைக் கையில் எடுத்து இடதுபக்கம் நாலு எட்டு வைத்தாள். குண்டின் முகம் அவளோடு போனது. திரும்பி வலதுபக்கம் நடந்தாள், அதுவும் வந்தது. எத்திராஜ் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைத் தேடி எதுவும் வரவில்லை.

“அப்போ,” என்றார். “அப்போ எனக்கு இல்லியா?”

“இல்ல. உங்களுக்கு நான்தான் கீறேன்.”

அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குப் பூராவும் திறக்கவில்லை. நவநீதம் கதவுக்கு வெளியே சோற்றை வைத்துவிட்டு, பட்டனில் நூல் கோத்து, வாசலில் துணி காயப்போடும் கயிற்றில் நெஞ்சு உயரத்துக்குத் தொங்கவிட்டு, காற்றில் ஆடாமல் இருக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள்.

பத்தாம் தேதி காலை கதவு திறந்தது. எத்திராஜ் கையில் நோட்டு இருந்தது.

“எந்த லேன்ல எடுத்த?”

“நாலாவது.”

“ஆழம்?”

“ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல.”

“எழுதலியே.”

“எழுதல.”

“எழுது,” என்று நோட்டையும் பேனாவையும் நீட்டினார். அவள் திண்டாடித் திண்டாடித் தேதியை ஞாபகப்படுத்தி எழுதினாள். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார், பேர் என்கிற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் அவள் நிமிர்ந்தபோது, “சிப்பாய்னு போடு,” என்றார். “அவனும் எவனோ பெத்த புள்ளதானே.”

சித்திரை பதினொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, ஆப்பிள் வாங்கி வந்தவர்களும் குண்டான் தருவதாகச் சொன்னவளும் கணக்குப் போட்ட பிள்ளைகளும் கொடி நடுகிற ஆளும் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். சங்கத்துக்காரர்கள் வெயிலில் ஒரே வரிசையில் நின்றார்கள். எத்திராஜ் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து கயிற்றுக்கு நேராக நின்றார். மேலிருந்து மூன்றாவது இடம் காலியாக இருந்தது. அருளப்பன் அதைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்து, “எத்திராஜ், பட்டன்...” என்று மெல்ல ஆரம்பித்தார்.

“தெரியும் சாப்,” என்றார் எத்திராஜ்.

பத்தரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது அருளப்பன், “சாவ்தான்!” என்று ஊரே அதிரக் கத்தினார். பழைய பட்டாளத்துக்காரர்களின் குதிகால்கள் செருப்பும் வெறுங்காலுமாக விறைத்துச் சேர்ந்து தட்டின. எத்திராஜ் சல்யூட் அடித்தார். குண்டு கடைசி விரற்கடையையும் அதே அவசரமில்லாத வேகத்தில் கடந்து, பட்டனைத் தொட்டது. கோயில் மணியை நகத்தால் சுண்டினால் வருகிற அளவுதான் சத்தம். நூல் அறுந்து இரண்டும் கீழே விழுந்தன. முனகல் நின்றது, இத்தனை நாள் அது இருந்ததே அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

எத்திராஜ் கையை இறக்கவில்லை. காலிப் பட்டன் ஓட்டையோடு, ஊர் பார்க்க, வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, “தணிகா,” என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக. “டேய் தணிகா, அப்பன்டா.” அதற்குமேல் நிற்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நவநீதம் ஓடிப்போய்த் தூக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள். கூட்டம் கலையாமல், அழுது முடிகிற வரை நின்றது.

குண்டும் நசுங்கிய பட்டனும் ஒரே சீட்டோடு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. எத்திராஜ் இப்போதும் வாரம் ஒருநாள் கோட்டை எடுத்து நாலு பட்டனைப் பாலிஷ் போடுகிறார், மாதம் ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போகிறார். மூன்றாவது இடத்தில் அவர் ஒன்றும் தைக்கச் சொல்லவில்லை, அவளும் தைக்கவில்லை.